இருபத்து மூன்றாம் கேள்வி

அண்ணா, அந்த மோட்டாரை இப்படி என் கால்பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. மடியில் வைத்துக்கொண்டு தாராபுரம் ரோட்டில் குலுங்கினால் உங்கள் தொடைதான் போகும். நீங்கள் எதுவரை? குண்டடமா? அப்படியானால் உங்களுக்கு முன்னாடியே நான் இறங்கிவிடுவேன். கள்ளிமேட்டுப் பிரிவு. சொந்தக்காரர் யாரும் இல்லைங்க. துளசிமணி என்று ஒரு அம்மா. அவர்களுக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டீர்களே, சொல்கிறேன். ஆனால் நான் சொல்லச் சொல்ல நீங்கள் 'உம்' கொட்டிக்கொண்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் அப்படியே பழகிவிட்டது. எதிரில் 'உம்' வராவிட்டால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அன்றைக்கு மீட்டிங்கிலும் அதுதான் நடந்தது. ஒருவராவது 'உம்' என்றிருந்தால் நானே சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

கூட இருந்தவளே காட்டிக்கொடுத்துவிட்டாள், அண்ணா. அதுதான் விஷயம். மூன்று மாதம் ஒரே மேசை, ஒரே கீபோர்டு, ஒரே நோட்டு. என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்குத்தான். அவளே காட்டிக்கொடுத்துவிட்டாள்.

காதலா? ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. நீங்களும் எங்கள் வாட்ச்மேன் மாதிரியே கேட்கிறீர்கள். கூட வேலை பார்க்கிற பெண். சுமையா என்று பெயர். போத்தனூர்க்காரி. நான் கோபிப் பக்கம். என் பெயர் யுகேந்திரன். அவள் யுகா என்பாள். என்பாளா, என்றாளா தெரியவில்லை. ஒரு வாரமாகக் கூப்பிடவில்லை.

கோயமுத்தூரில் எங்களுடையது சின்ன கம்பெனி. பதினான்கு பேர். கீழே டயர் கடை, மேலே நாங்கள். ஒரு பால் கம்பெனிக்கு வேலை செய்கிறோம். அவர்களுக்கு ஊர் ஊராக மையம் இருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்கும். காலையிலும் சாயந்திரமும் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். எடை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஊற்றினார்கள், எல்லாம் ஒரு மெஷினில் பதிந்து சீட்டு வரும். அந்த மெஷினுக்குள் ஓடுவது நாங்கள் எழுதுகிற புரோகிராம்.

பழைய புரோகிராம் அடிக்கடி மக்கர் செய்தது. ஓர் இடத்தில் கை வைத்தால் எங்கோ ஓர் இடத்தில் உடையும். எங்கள் கிருபாகரன் சார், அவர்தான் முதலாளி, ஒருநாள் வந்து, "இதையெல்லாம் தூக்கிப் போடுங்க. புதுசா ஹாஸ்கெல்ல எழுதறோம்" என்றார். ஹாஸ்கெல் என்பது கம்ப்யூட்டருக்கு எழுதுகிற ஒரு மொழி. ஆபீஸில் யாருக்கும் தெரியாது. "நீங்க ரெண்டு பேரும் முதல்ல கத்துக்குங்க. மூணு மாசம். ஒழுங்கா வந்துச்சுன்னா வேலை நிரந்தரம்" என்று என்னையும் சுமையாவையும் உட்கார வைத்தார். நாங்கள் இருவரும் அப்போது ட்ரெய்னி. இப்போதும் அதுதான்.

அந்த மொழி ஒரு மாதிரி பிடிவாதம் பிடித்தது, அண்ணா. மற்ற மொழியில் ஒரு டப்பாவுக்குப் பெயர் வைப்போம், அதில் ஐந்து என்று போடுவோம், அப்புறம் ஆறு என்று மாற்றுவோம். இதில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு பெயருக்கு ஐந்து என்று சொல்லிவிட்டால் கடைசிவரை ஐந்துதான். முதல் நாளே எனக்கு முழி பிதுங்கிவிட்டது.

"அப்புறம் எத்தனை கேன் வந்துச்சுன்னு எப்படி எண்ணுவ?" என்று கேட்டேன்.

சுமையா கொஞ்ச நேரம் யோசித்தாள். "கேன் வரிசையா நிக்குதுன்னு வெச்சுக்க. முதல் கேனை நீ எடுத்துக்க. மீதி எத்தனைன்னு மீதி வரிசைகிட்டயே கேளு. வர்ற பதிலோட ஒண்ணு சேர்த்துச் சொல்லிடு" என்றாள்.

"மீதி வரிசை யார்கிட்ட கேக்கும்?"

"அதுக்குப் பின்னாடி இருக்கிற வரிசைகிட்ட."

"இப்படியே ஆளாளுக்குத் தள்ளிவிட்டுட்டுப் போனா கடைசில?"

"கடைசில வரிசையே இருக்காதுல்ல. அங்க ஒருத்தர் 'என்கிட்ட ஒண்ணுமில்ல, பூஜ்யம்'னு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா எல்லாருக்கும் கணக்கு வந்துடும். ஒத்துக்காட்டி சுத்திட்டே கிடக்க வேண்டியதுதான்."

அப்படிச் சொல்லுவாள், அண்ணா. அவள் சொன்னால் புரியும். ஆனால் அவளுக்கு அது எப்படி வந்தது? நான் கேட்டதால்தானே வந்தது? இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அப்போதுதான் நோட்டுப் போட்டோம். இதோ, பையில் இருக்கிறது. நீல அட்டை. எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒருவர் கீபோர்டில், ஒருவர் பக்கத்தில். அரைமணிக்கு ஒருமுறை இடம் மாறுவோம். அவள் போனில் அலாரம் அடிக்கும். நடுவில் சந்தேகம் வந்தால் நம்பர் போட்டு நோட்டில் எழுத வேண்டும். பதிலை யார் கண்டுபிடித்தாலும் சரி, கேள்வி கேட்டவர்தான் தன் கையெழுத்தில் பதிலை எழுத வேண்டும். தன் கையால் எழுதினால்தான் புரிந்தது என்று அர்த்தம். இது அவள் போட்ட சட்டம்.

பாருங்கள். ஒன்று: எப்படி எண்ணுவது. நான்கு: பட்டியலில் தண்ணீர் கலந்த கேனை மட்டும் எப்படிப் பிரிப்பது. ஒன்பது: எடை வராமல் போனால் என்ன தருவது. பதினாறு: நடுவில் என்ன நடக்கிறது என்று எப்படி எட்டிப் பார்ப்பது. மொத்தம் நாற்பத்தொன்று. அதில் முப்பத்தோரு கேள்வி என்னுடையது! "கேள்வி கேக்கறதுக்குன்னே உன்னைத் தனியா வேலைக்கு எடுத்திருக்காங்கப்பா" என்று கிண்டல் செய்வாள். சிரித்துக்கொள்வேன். பதில் எழுதும்போது அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன். கையெழுத்து என்னுடையதுதான்.

கையெழுத்து என்றதும்தான் பார்க்கிறேன். உங்கள் மோட்டாரில் ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே? காயில் கட்டினவர் பெயரா? தேதிகூடப் போட்டிருக்கிறார். எரிந்துபோனால் நேராக அவர் கடைக்கே போவீர்களோ? நல்ல ஏற்பாடு.

இருபத்து மூன்றுக்கு வருகிறேன். இதுதான் இருபத்து மூன்று. படிக்கிறேன்: "இப்போது மணி என்ன என்று எப்படிக் கேட்பது?"

சிரிக்காதீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அதுதான் அந்த மொழியில் பெரிய கேள்வி. கணக்குப் போட்டுத் தருகிற ஒரு துண்டை நாங்கள் ஃபங்க்ஷன் என்போம். மண்டபம் பிடித்துச் சாப்பாடு போடுகிற ஃபங்க்ஷன் இல்லைங்க, இது வேறு. ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் தலையில் ஒரு வரி உண்டு. நான் இதை வாங்குவேன், இதைத் தருவேன் என்று அது வாக்குக் கொடுக்கிற வரி. அந்த வரியில் சொல்லாத எதையும் அது செய்யக் கூடாது.

சுமையா சொன்னாள்: "ரெண்டையும் மூணையும் கூட்டறதுக்கு வீட்டை விட்டு வெளிய போக வேண்டியதில்ல. மணி பாக்கணும்னா வெளிய போய்த்தான் பாக்கணும். வெளிய போறவன் 'நான் வெளிய போவேன்'னு முதல் வரிலயே சொல்லிட்டுப் போகணும். அவனை வேலைக்குக் கூப்பிடறவனும் அதைச் சொல்லணும். அவனைக் கூப்பிடறவனும் சொல்லணும். ஒளிச்சு வெக்க முடியாது. அதாம்ப்பா எனக்கு இந்த மொழில பிடிச்சதே."

எனக்கும் பிடித்திருந்தது. அன்றைக்கு.

நாங்கள் எழுதியதில் மணி பார்க்கிற இடம் ஆழத்தில் இருந்தது. அதைக் கூப்பிடுவது ஒன்று, அதைக் கூப்பிடுவது இன்னொன்று என்று பதினோரு ஃபங்க்ஷன். பதினொன்றிலும் முதல் வரியை மாற்ற வேண்டும். முதல் வரியை மாற்றினால் உள்ளேயும் மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை முதல்முதலாக ஒரு மையத்தில் புது புரோகிராமை வைக்கிறோம். சுமையா அம்மாவைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய கம்ப்யூட்டரில்தான் எல்லாம் இருந்தது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அவளே சொன்னதுதான். போனில், "ரெண்டு மணி நேர வேலைதான் யுகா, நீ ஆரம்பி. நாலு மணிக்கு வந்துடறேன், சேர்ந்து முடிச்சிடலாம்" என்றாள்.

ஆரம்பித்தேன். ஐந்தாவது ஃபங்க்ஷனில் சிவப்புச் சிவப்பாகப் பிழை வந்தது. ஒன்றைச் சரிசெய்தால் மூன்று வந்தது. உங்களுக்கு எப்படிச் சொல்வது... நூல்கண்டு சிக்கிக்கொண்ட மாதிரி. இணையத்தில் தேடினேன். ஒரு குறுக்கு வழி கிடைத்தது. முதல் வரியில் ஒன்றும் சொல்லாமல், உள்ளே இருந்துகொண்டே வெளியே எட்டி மணி பார்த்துவிடலாம். ஒரே வரி. அந்தக் கட்டளையின் பெயரிலேயே 'பத்திரமில்லை' என்று இருக்கும். அப்படிப் பெயர் வைத்து ஏன் மொழிக்குள் விட்டு வைத்திருக்கிறார்கள், சொல்லுங்கள்? யாராவது பயன்படுத்தட்டும் என்றுதானே? மொழி செய்தவர்களைக் கேட்க ஆளில்லை. என்னைக் கேட்கிறார்கள்.

போட்டேன். ஓடியது. பத்து முறை சோதித்தேன், அண்ணா. பத்து முறை! ஒவ்வொரு முறையும் மூடி, மறுபடி திறந்து, ஒரு கேனைப் பதிந்து பார்த்தேன். மணி சரியாக வந்தது. நோட்டை எடுத்து இருபத்து மூன்றுக்குக் கீழே எழுதினேன். இதோ பாருங்கள், "முடிந்தது." ஒரு வார்த்தை. அதில் பொய் என்ன இருக்கிறது? முடிந்துதானே இருந்தது.

நான்கு மணிக்கு சுமையா மூச்சு வாங்க வந்தாள். நோட்டைப் பார்த்தாள். "அதுக்குள்ளயா?" என்றாள்.

"நீ சொன்ன மாதிரிதான்" என்றேன்.

"ஒருதடவை பாத்துடட்டுமா?"

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லயா?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அய்யோ, அப்படி இல்லப்பா" என்று புரோகிராமை அப்படியே அனுப்பிவிட்டாள். எங்களுக்குள் அவ்வளவு நம்பிக்கை இருந்தது, அண்ணா. அப்படி நம்பினவள், அப்புறம் அப்படிச் செய்யலாமா?

பல்லடம் வந்துவிட்டது. இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்கள். மோட்டாரை நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஆங், எங்கே விட்டேன்? சனிக்கிழமை. சார் காரில் விடியும்போதே கள்ளிமேடு போய்விட்டோம். அந்த மையம் துளசிமணி அம்மாவுடையது. அந்த அம்மாதான் ஏழு வருஷமாகப் பார்க்கிறார்கள். கெட்டிக்காரி. கேனின் மூடியைத் திறந்ததுமே யார் வீட்டுப் பால் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு ஒரு டம்ளர் நிறைய காப்பி கொடுத்தார்கள். முதல் கேன் வைத்தார்கள். சீட்டு வந்தது: 6:11. என் போனிலும் 6:11. எல்லோரும் கைதட்டினார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா, "ஏனுங் தம்பி, பால் ஊத்தி முடிஞ்சதும் இதை நிறுத்திப் போடோணுமா?" என்று கேட்டார்கள்.

"இன்வெர்ட்டர் இருக்குதுல்லங்கம்மா? நிறுத்தவே வேண்டாங்க. ஓடிட்டே இருக்கட்டும்" என்றேன்.

நிறுத்தவில்லை, அண்ணா. ஒன்பது நாள் அந்த அம்மா அதை நிறுத்தவே இல்லை. சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள்.

இந்த மொழியின் குணம் இப்போது சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். முதல் வரியில் 'நான் வெளியே போக மாட்டேன்' என்று ஒரு துண்டு சொன்னால் இந்த மொழி அதை நம்பிவிடும். நம்பி, ஒருமுறை வந்த விடையை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். மறுபடி எதற்குக் கேட்க வேண்டும்? இரண்டும் மூன்றும் இன்றைக்கு ஐந்து என்றால் நாளைக்கும் ஐந்துதானே. என் வரி முதல் கேனுக்கு மணி பார்த்தது. 6:11. அதை வைத்துக்கொண்டது. இரண்டாவது கேனுக்கும் 6:11. சாயந்திரப் பாலுக்கும் காலை 6:11. ஒன்பது நாள், பதினெட்டு வேளை, நானூற்றுச் சொச்சம் சீட்டு. தேதி மட்டும் சரியாக இருந்தது, அது சுமையா எழுதிய இடம். ஊற்றுகிறவர்கள் சீட்டில் எடையையும் கொழுப்பையும் பார்ப்பார்கள். நேரத்தை யார் பார்க்கிறார்கள்?

பால் கம்பெனி சூப்பர்வைசர் பார்த்தார். பத்தாவது நாள் பேப்பரைக் கட்டாக எடுத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். "சாயந்திரப் பாலைக் காலைல ஆறே காலுக்கே எழுதி வெச்சிருக்கறயே, அம்மிணி? மாடு கறக்கறதுக்கு முன்னாடியே உனக்கு எடை தெரியுமா?" அந்த அம்மாவுக்கு என்ன சொல்லத் தெரியும்? "மெஷின் வெச்ச தம்பி நிறுத்த வேண்டாம்னாருங்க, நானு நிறுத்தலீங்க" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் அந்த அம்மாவிடம் ஊற்றினவர்களே, ஒருவேளை நம் பாலிலும் கை வைத்திருப்பாளோ என்று பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

இன்னொரு கூத்து கேளுங்கள். புதிதாக ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர் ஒவ்வொரு வேளையும் மெஷினை நிறுத்திவிட்டுப் போகிற ஆள். மறுபடி போடும்போது புது நேரம் வரும். காலைப் பாலுக்குக் காலை நேரம், சாயந்திரப் பாலுக்குச் சாயந்திர நேரம். "பாத்தியா, ஆளை மாத்தினதும் சரியாயிருச்சு" என்றார்களாம். அந்த அம்மா மேல் இருந்த சந்தேகம் அப்படியே உறுதியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் யாரோ கவனித்திருக்கிறார்கள், புது ஆள் ஒருநாள் காலையில் போட்ட சீட்டு அத்தனையிலும் 5:58 என்று. அதன் பிறகுதான் எங்கள் ஆபீசுக்குப் போன் வந்தது.

போன் வந்த அன்று சாயந்திரம் டீக்கடையில் சுமையா கேட்டாள். "யுகா, அந்த இருபத்து மூணு. நீ பதினோரு இடத்துலயும் மாத்தினியா?"

"மாத்தினேன்" என்றேன்.

அவள் 'உம்' என்றுகூடச் சொல்லவில்லை. டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, நாளைக்கு மீட்டிங்" என்று போய்விட்டாள். இப்போது யோசித்துப் பார்த்தால், அவள் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறாள், அண்ணா! தெரிந்துகொண்டே கேட்பது என்ன நியாயம்? எனக்கு ஆறவே இல்லை. தெரியும் என்று சொல்லியிருந்தால் நான் ஆமாம் என்றிருக்க மாட்டேனா?

மீட்டிங். சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் பெரிதாக அந்த வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதினவர் பெயர் தானாக வரும், உங்கள் மோட்டார் ஸ்டிக்கர் மாதிரி. அவளுடைய கம்ப்யூட்டரில் எழுதியதால் பக்கத்தில் 'சுமையா' என்றிருந்தது. அதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அது அப்படி அமைந்துவிட்டது.

கிருபாகரன் சார், "சுமையா, இது என்னம்மா?" என்றார். அவருக்குக் கோபம் வந்தால்தான் அம்மா போடுவார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லத்தான் போகிறேன், ஆனால் வரிசையாகச் சொல்ல வேண்டாமா? கண்ணாஸ்பத்திரி, பதினோரு ஃபங்க்ஷன், சிவப்புப் பிழை எல்லாம் சொல்லாமல் 'நான்தான்' என்று மட்டும் சொன்னால் யாருக்கு என்ன புரியும்? ஒருவர்கூட 'உம்' என்று சொல்லவில்லை.

"யுகா" என்றாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

பதினான்கு பேர் முன்னால், அண்ணா!

"சார், அது... நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார்..." என்றேன். எல்லாமே சேர்ந்துதானே செய்தோம்? மூன்று மாதமும் அப்படித்தானே?

அவள் எழுந்து நின்றாள். "இல்ல சார். அன்னைக்கு மத்தியானம் நான் அம்மாகூட ஆஸ்பத்திரில இருந்தேன். கம்ப்யூட்டர் என்னுது. வரி யுகாவுது. ஆனா, பாக்காம அனுப்பினது நான். பாக்கணும்னு தோணுச்சு, பாக்கல. அது என்னோட தப்பு சார்."

பாருங்கள், தன் தப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள். நல்ல பெயர் வாங்க அப்படி ஒரு வழி. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு அவமானம்.

அவள் ஒரு இரண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாம். நான் கேட்பது அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்.

வேலையா? போகவில்லைங்க. சார் திட்டக்கூட இல்லை. இருவருக்கும் நிரந்தரத்தை ஆறு மாதம் தள்ளி வைத்துவிட்டார். எனக்கு மட்டும், "நீ அந்தம்மாவை நேர்ல போய்ப் பாரு. லெட்டரை நீயே எழுது" என்றார். பால் கம்பெனிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். 'மெஷின் கோளாறு' என்று எழுதினால் ஏற்க மாட்டார்களாம். மாட்டிக்கொள்கிற எல்லோரும் மெஷின் மேல்தான் பழி போடுகிறார்கள் என்கிறார்கள். இன்ன ஆள், இன்ன வேலையை, இப்படிச் செய்ததால் நேரம் தப்பாக விழுந்தது என்று செய்தவர் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதை அந்த அம்மா கொண்டுபோய்க் காட்டினால் சாவி திரும்ப வரும். இல்லையென்றால் அந்தப் புது ஆளே இருந்துவிடுவார்.

இதுதான் கடிதம். டைப் அடித்தது. படிக்கிறேன்: "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நேரப் பதிவில் ஏற்பட்ட பிழைக்கு வருந்துகிறோம்." நன்றாகத்தானே இருக்கிறது? மரியாதையாக இருக்கிறது. பெயர் போடவில்லைதான். கோயமுத்தூர் சின்ன ஊர், அண்ணா. எங்கள் தொழிலில் ஒருவன் பெயரில் ஒரு பேப்பர் சுற்ற ஆரம்பித்தால் அப்புறம் எங்கே போய் வேலை கேட்பது? எனக்கு இருபத்து மூன்று வயது.

நேற்று இதை ஆபீஸ் பிரிண்டரில் எடுக்கும்போது சுமையா பார்த்துவிட்டாள். இன்று காலை என் மேசையில் இந்த நோட்டு இருந்தது. நாற்பத்தொன்றாம் கேள்வி, அவள் கையெழுத்து. இது அவள் கேள்வி, அதனால் அவள்தான் பதில் எழுத வேண்டும், சட்டப்படி. ஆனால் கீழே எனக்கு இடம் விட்டிருக்கிறாள். "இந்த லெட்டரை வாங்கி அந்தம்மா என்ன செய்வாங்க?"

இதற்குத்தான் சொல்கிறேன், அவளுக்கு என்னைக் கண்டால் இப்போது அப்படி ஒரு இளக்காரம்.

அந்த அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறேனா? யோசித்துதான் வைத்திருக்கிறேன். "அம்மா, சாப்ட்வேர்ல ஒரு சின்னப் பிசகு ஆயிடுச்சுங்க..." என்று ஆரம்பிப்பேன். என்ன? சாப்ட்வேர் என்றால் யார் என்று கேட்பார்களா? அவர்கள் கேட்க மாட்டார்கள், அண்ணா. நீங்கள்தான் கேட்கிறீர்கள். அவர்கள் காப்பி கொடுப்பார்கள். "நிறுத்த வேண்டாம்னீங்க, நானு நிறுத்தலீங்க தம்பி" என்று சொன்னாலும் சொல்வார்கள்.

அதைத்தான் என்னால் கேட்க முடியாது.

என்னங்க? போய்விட்டதா? தெரியும், அண்ணா. கண்டக்டர் 'கள்ளிமேட்டுப் பிரிவு' என்று இரண்டு முறை கத்தினார். காதில் விழுந்தது. உங்களிடம் பேசிக்கொண்டிருந்தேனே, அதனால்... இல்லை. பழியை உங்கள் மேல் ஏன் போட வேண்டும்? எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

பரவாயில்லை, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்துகொள்கிறேன். இரண்டு கிலோமீட்டர் இருக்குமா? வெயில்தான். இருக்கட்டும்.

பேனா இருக்குங்களா? எழுதுமா? கொடுங்கள். இந்த டைப் அடித்ததன் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. மணி என்னங்க அண்ணா இப்போது? என் போனிலேயே பார்க்கலாம். ஆனால் சுமையாவிடமிருந்து இரண்டு மெசேஜ் வந்திருக்கிறது, திறக்கவில்லை. நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பதினொன்று இருபதா? சரி. தேதி போட்டு, பக்கத்தில் மணியையும் போட்டுவிடுகிறேன். முதல் வரி... யுகேந்திரன் ஆகிய நான்... பஸ் குலுங்குகிறது, இந்த நோட்டை அடியில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக வந்தாலும் படிக்க முடியும் இல்லையா? உங்கள் காயில்காரர் எழுத்தைவிடத் தேவலை.

இருந்தாலும் அவள் ஒரு இரண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாம், அண்ணா. என்ன, இவ்வளவு நேரம் 'உம்' கொட்டிக்கொண்டு வந்தீர்கள், இதற்கு மட்டும் பேசாமல் இருக்கிறீர்களே.